தண்ணீர் வரும் நேரத்தில் ஒரு கூட்டம்

அந்தப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியையாகப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. தலைமையாசிரியை என்றால் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். இரண்டு வகுப்பறை, ஒரு சத்துணவுக் கூடம், ஒன்றிலிருந்து ஐந்து வரை பதினேழு பிள்ளைகள், என்னையும் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள். காலையில் காட்டூரிலிருந்து ஸ்கூட்டியில் பழவேற்காடு வரை போவேன். படகுத்துறையில் வண்டியை நிறுத்திவிட்டு ஏரியைப் படகில் கடந்தால் அந்த மீனவக் குப்பம். நான் வயலும் மாடுமாக இருந்த வீட்டில் பிறந்தவள். நான்கு வருடம் ஏரியைக் கடந்தும் அந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்தது படகுத்துறையிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரைக்கும்தான்.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று எல்லா அரசுப் பள்ளியிலும் உண்டு. அதில் பெற்றோர்தான் அதிகம் இருக்க வேண்டும், ஒரு தாய் தலைவியாக இருக்க வேண்டும், மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூடிப் பள்ளியின் குறைகளைப் பேசி முடிவெடுக்க வேண்டும். எங்கள் பள்ளியில் அது நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் மட்டுமே கூடியது. முந்தின நாளே வீட்டில் உட்கார்ந்து தீர்மானங்களை எழுதிவிடுவேன். மூன்று மணிக்கு யாரும் வரமாட்டார்கள். நான்கு மணிக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிக்கொண்டு படகைப் பிடிப்பேன்.

பழைய தலைவியின் பிள்ளை ஐந்தாவது முடித்துப் போனதும் புதுத் தலைவி வேண்டியிருந்தது. பொன்னேரி மார்க்கெட்டில் மீன் விற்கும் ஒரு பெண், முப்பது வயதிருக்கும், காலிக் கூடையோடு பள்ளி வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய மகள் எங்களிடம் நான்காவது படித்தாள். கூப்பிட்டுக் கேட்டேன். "எம் பேர எழுதிக்கோங்க டீச்சர்" என்று நிற்காமலே சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு நான் அவளைத் தலைவி என்றுதான் கூப்பிட்டேன். முதலில் விளையாட்டாக.

அந்த மாதம் அவள் வீட்டுக்கு நோட்டோடு போனபோது வாசலில் உட்கார்ந்து கூடையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மை டப்பாவில் கட்டைவிரலை வைத்தவள், நோட்டில் அழுத்தவில்லை. விரலை அந்தரத்தில் நிறுத்தினாள்.

"மேல இன்னா எழுதிகீது டீச்சர்?"

"கூட்டத்துல பேசினதும்மா. எப்பவும் எழுதுறதுதான்."

"படிச்சிக் காட்டுங்க. கேட்டுகினு வெக்கறேன்."

படகுக்கு நேரமாகிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவள் விரலை எடுக்கவுமில்லை, வைக்கவுமில்லை. படித்தேன். "மாணவர்களின் வாசிப்புத் திறன் திருப்திகரமாக உள்ளதெனப் பெற்றோர் ஒருமனதாகத் தெரிவித்தனர்."

"திருப்திகரம்னா?"

"நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"நானா சொன்னேன் அப்டி?"

 அவளே தொடர்ந்தாள். "எம் பொண்ணு நாலாவது படிக்குது. போன வாரம் மார்க்கெட்டுக்கு இட்டுகினு போனேன். பஸ் ஸ்டாண்டுல நிக்க வெச்சி, எது நம்ம பஸ்ஸுனு கேட்டேன். போர்ட பாக்கல, கலர பாத்து சொல்லுது. நானும் கலர பாத்துதான் ஏர்றேன் டீச்சர், நான் ஸ்கூலுக்குப் போகல. அப்போ அது எதுக்கு வருது?"

சண்டைக்காரக் குரலில் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெய்யாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

"நாலு வருஷமா கூட்டம் போடுறேன். ஒருத்தரும் எட்டிப் பாக்கறதில்லை. புள்ளைங்க மேல அக்கறை இருந்தா வந்திருக்கலாம் இல்லையா?"

அவள் என்னை வியப்பாகப் பார்த்தாள். "வெள்ளிக்கெழம மூணு மணிக்குத்தான டீச்சர் தண்ணி வருது?"

அந்தக் குப்பத்தில் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் குழாயில் வாரம் இரண்டு முறைதான் வரும். திங்கள் காலையில் ஒருமுறை, வெள்ளி மூன்று மணிக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை விட்டால் சனி, ஞாயிறு உப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எனக்குக் குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்து பாட்டிலில் வரும். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தெருவில் குடங்கள் உருளும் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் தவிப்பார்கள், அம்மாவுக்குக் குடம் பிடிக்கப் போக வேண்டுமென்று. சத்தம் அதிகமாக இருக்கிறது, ஜன்னலைச் சாத்துங்கள் என்று சொல்வேன். நான்கு வருடம் அப்படி ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன்.

"நேரத்தை மாத்த எனக்கு அதிகாரம் இல்லம்மா" என்றேன், குரல் இறங்கிப்போய்.

"நேரத்த மாத்த வேணாம். கொழாயாண்ட போடுங்க."

அன்று அவள் கைநாட்டு வைக்கவில்லை. நான் படகில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தின் மேல் குறுக்காகக் கோடு போட்டு, கூட்டம் நடைபெறவில்லை என்று எழுதினேன். அதிகாரி யாராவது பார்த்தால் என்ன பதில் சொல்வது என்ற பயத்தில் கோடு நேராக விழவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு, இளைய ஆசிரியர் ஒரு பெஞ்சைத் தூக்கிக்கொண்டுவர, குழாயடிக்குப் போனோம். அவருக்கு இருபத்தேழு வயது. சுண்ணாம்புக்குளத்துப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வருபவர். கூச்ச சுபாவம். குழாயடியில் நான்கு குழாய்கள், அவற்றின் முன் நீலமும் ஆரஞ்சுமாகப் பிளாஸ்டிக் குடங்கள். ஏரியிலிருந்து திரும்பிய ஆண்கள் சிலர் எதிரே பூவரச மரத்தடியில் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். எழுதிக்கொண்டு போயிருந்த உரையை ஆரம்பித்தேன். சுத்தம், வருகை, அரசுத் திட்டங்கள். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை.

"டீச்சர், நீங்க பேசனது போதும். புள்ளைங்கள படிக்கச் சொல்லுங்க" என்றாள் தலைவி.

ஐந்தாவது படிக்கும் ஒரு பெண் பாடப் புத்தகத்தைத் திறந்து கடகடவென்று ஒரு பாட்டை ஒப்பித்தாள். அம்மாக்கள் முகத்தில் பெருமை. தலைவி மட்டும், "புத்தகத்த பாக்காமலே சொல்லுது. வேற பக்கம் திருப்புங்க" என்றாள். வேறு பக்கம் திருப்பினேன். அந்தப் பெண் ஒரு வரியை முடிக்க என்னை மூன்று முறை பார்த்தாள்.

பிறகு தலைவியின் மகள். ஒல்லியான பிள்ளை, வகுப்பில் பேசவே பேசாது. புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தது. குடத்தில் தண்ணீர் விழும் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

தலைவி தன் குழாயை மூடினாள். பாதிக் குடம்தான் நிறைந்திருந்தது. பக்கத்துக் குழாயில் நின்றவள் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதையும் மூடினாள். மூன்றாவது குழாய். நான்காவது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வரும் தண்ணீரை நிறுத்திவிட்டு அத்தனை பெண்களும் ஒரு குழந்தை படிப்பதைக் கேட்க நின்றார்கள். நான் ஆசிரியையாக இருந்த இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையின் குரலுக்காக யாரும் அப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

"ஆ... மை" என்று படித்தது அந்தப் பிள்ளை. ஆமை மெதுவாக நடந்தது என்பது அந்த வரி. 'மெ'யில் நின்றுவிட்டது. விரல் அந்த எழுத்தின் மேலேயே இருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையில் பயமில்லை. டீச்சரைக் காட்டிக்கொடுத்துவிட்டோமோ என்கிற கவலை இருந்தது. வருடத் தொடக்கத்தில் வாசிப்புப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே 'வாசிக்கிறார்' என்று நான் சரிக்குறி போட்டிருந்தேன்.

"தப்பு இவ மேல இல்ல. நான்தான் பாக்காம விட்டுட்டேன்" என்றேன். 

தலைவி மகளிடம் போய்க் குனிந்து, முந்தானையால் அதன் மூக்கைத் துடைத்தாள். "ரெண்டு எழுத்து படிச்ச இல்ல? ஸோக்கா கீது. போய் ஒக்காரு" என்றாள். பிறகு வந்து குழாயைத் திறந்தாள். அன்று சில வீட்டுக் குடங்கள் நிறையவில்லை.  உள்ளவர்கள் இல்லாதவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தார்கள்.

எல்லாம் அமைதியாக முடிந்தது என்றும் சொல்ல முடியாது. மரத்தடியிலிருந்து ஒரு தகப்பன் எழுந்து வந்தார். துறையில் படகு ஓட்டுபவர். குரல் எப்போதுமே உச்சத்தில்தான் இருக்கும். இளைய ஆசிரியரைப் பார்த்து, "சார் பத்தரை மணிக்கு ஆடி அசைஞ்சி வர்றாரு. அப்பால எங்க புள்ளைங்க எப்டி படிக்கும்?" என்றார்.

இளைய ஆசிரியரின் முகம் சிவந்துவிட்டது. "டீச்சர் வர்ற முதல் படகு எனக்குக் கிடைக்காதுங்க. ஆனாலும் எட்டு மணிக்கே துறைக்கு வந்துடுறேங்க. பத்துப் பேர் சேர்ந்தாதான் படகு எடுக்கறாங்க."

"யாரு அவன், எடுக்காதவன்?"

ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். குழாயடியில் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல், "உன் படகுதான்யா அது!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் தலையைச் சொறிந்துகொண்டே சிரித்தார்.

"சரி, நாளையிலேர்ந்து சாரு வந்தா ஒடனே எடுத்துட்றேன்" என்றார். ஆனால் தினமும் ஓர் ஆளுக்காக ஒருவரே படகெடுத்தால் அவருக்கு நஷ்டம்தானே என்று மரத்தடியில் பேச்சு கிளம்பியது. ஏரியில் எந்த வலைக்காரர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்று அவர்கள் தங்களுக்குள் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வார்கள். பாடு என்று அதற்குப் பெயர். அதேபோல சாரை ஏற்றிவரவும் பாடு போட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். படகு வைத்திருக்கும் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

"இன்னொரு பாடும் போடுங்க" என்றாள் தலைவி. "தெனம் ஒரு வூட்லேர்ந்து ஒரு ஆளு. ஒரு மணி நேரம் கிளாஸ்ல போய் ஒக்காரணும். புள்ளைங்க படிக்கறத கேக்கணும். பொம்பளைங்க பேரும் போடுங்க சீட்டுல."

"பாடு போடற சீட்டுல பொம்பளைங்க பேரா? எந்த ஊர்ல கீது அது?" என்றார் வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவர்.

"ஏரியில கேக்கல. ஸ்கூல்ல கேக்கறேன்" என்றாள் அவள்.

அந்த மாதத் தீர்மானத்தை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னார்கள். திருத்தினேன்.

முதல் சீட்டு அந்தப் படகுக்காரருக்கே விழுந்தது. மறு திங்கட்கிழமை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து, கடைசி வரிசையில் முழங்கால்களை மடக்கி உட்கார்ந்தார்.  இருபது வருடம் பாடம் நடத்தியவள், வளர்ந்த ஆள் ஒருவர் பார்க்கிறார் என்றதும் கரும்பலகையில் எழுத்துப் பிழை விட்டேன். ஒரு மணி நேரம் முடிந்ததும் எழுந்து தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"ஒண்ணு சொல்லலாமா டீச்சர்? பின்னாடி ஒக்காந்தா நீங்க சொல்றது ஒண்ணும் கேக்கல. ஏரிக் காத்து ஜன்னல் வழியா வந்து அப்டியே அடிச்சிகினு போவுது."

அவர் எழுந்த இடத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். இளைய ஆசிரியரை முன்னால் நின்று பேசச் சொன்னேன். உதடு அசைவது தெரிந்தது, சொல் வரவில்லை. தலைவியின் மகள் உட்காரும் இடம் அதுதான். அன்று மாலையே கரும்பலகையை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம். கடைசி வரிசையில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்திருந்தால் எப்போதோ எனக்கே தெரிந்திருக்கும்.

அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். படிப்புத் தெரிந்தவர்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்திப் படிக்கச் சொன்னார்கள். தெரியாதவர்கள் சும்மா கேட்டார்கள். கேட்பதும் பெரிய உதவி என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கேட்க ஆள் இருந்தால் பிள்ளைகள் படிக்கப் பிரியப்பட்டார்கள். ஆந்திரப் பக்கத்திலிருந்து மருமகளாக வந்த ஒருத்தி, எனக்குத் தெலுங்குதான் படிக்க வரும் என்று முதலில் வர மறுத்தாள். வந்த நாளில் ஒரு தட்டு நிறைய நத்தை ஓடுகளைக் கொட்டிப் பெருக்கல் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளைகள் வீட்டில் போய், "நைனா, எட்டு எட்டா எண்ணு பாப்போம்" என்று தகப்பன்மாரைச் சோதித்தார்கள்.

தகராறும் வந்தது. ஒரு தாய் தன் முறைக்கு வந்தபோது, படிக்கத் திணறிய மகனைப் பிள்ளைகள் முன்னால் அறைந்துவிட்டாள். இனி அடிப்பதானால் வர வேண்டாம் என்று சொன்னேன். இரண்டு மாதம் என்னோடு அவள் பேசவில்லை. ஜூன் மாதம் இரண்டு பிள்ளைகளை அவர்கள் தகப்பன் நிறுத்திக் கூட்டிக்கொண்டு போய் வேன் வரும் இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்தார். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை கிடைத்து, குடும்பத்தை ஏரியின் அக்கரைக்கு மாற்றிக்கொண்டவர். எனக்கு மனசு ஆறவில்லை. இவ்வளவு செய்தும் போகிறார்களே என்று தலைவியிடம் புலம்பினேன்.

"கேக்கறதுக்கு நமக்கு உரிமை கீதுன்னா, போறதுக்கும் அவங்களுக்குக் கீது இல்ல டீச்சர்?" என்றாள். அவள் அதைக் கூடையில் மீனை அடுக்கிக்கொண்டே சொன்னாள். 

ஒருமுறை நான் அவளிடம், வாரம் இரண்டு நாள் மாலையில் உனக்கும் எழுத்துச் சொல்லித் தருகிறேன் என்றேன். நல்ல காரியம் செய்கிற நினைப்பில் சொன்னேன். "எனக்கு எதுக்கு டீச்சர்? மூணு மணிக்கு எழுந்தா ஒம்போது மணிக்குத்தான் முதுகு தரையில படுது. எம் பொண்ணு படிக்கும், நான் கேப்பேன். எனக்கு அத்தான் புடிச்சிகீது" என்று சிரித்தாள். எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது. அவளுக்கு எது வேண்டும் என்பதை மறுபடியும் நானே முடிவு செய்யப் பார்த்தேன் என்று பிறகு புரிந்தது.

பதினைந்து பிள்ளைகள் என்றானதும், நாங்கள் பயந்த கடிதம் வந்தது. எண்ணிக்கை குறைந்த பள்ளிகளை அருகிலுள்ள பள்ளியோடு சேர்ப்பது பற்றி நேரில் விசாரிக்க ஓர் அதிகாரி வருவார் என்று. அருகிலுள்ள பள்ளி என்பது ஏரிக்கு அந்தப் பக்கம். ஐந்து வயதுப் பிள்ளைகள் தினமும் படகில் போய்வர வேண்டும்.

வந்தவர் என் வயதுப் பெண். கெட்டவரில்லை. படகிலிருந்து இறங்கும்போதே முட்டி வலி என்று சொன்னார். பெற்றோர் எல்லாரும் வகுப்பறையில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அரசு ஊழியர். அரசின் முடிவுக்கு எதிராக வாய் திறக்கக் கூடாது. சுவரோரம் நின்றேன்.

"பதினஞ்சு பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம் நடத்துறது கஷ்டம்மா" என்றார் அவர் நயமாகவே.

தலைவி அவரிடம் கெஞ்சவில்லை. "நீங்க கொண்டாந்த காயிதத்த குடுங்க மேடம். எம் பொண்ணு படிக்கும், நாங்க எல்லாம் இன்னான்னு கேட்டுக்கறோம்" என்றாள்.

அதிகாரி என்னைப் பார்த்தார், பிறகு கடிதத்தைக் கொடுத்தார். அப்போது ஐந்தாவதுக்கு வந்திருந்த அந்த ஒல்லிப் பிள்ளை அதை வாங்கி, விரல் வைத்துப் படித்தது. வேகமாகப் படிக்கவில்லை. அலுவலகத் தமிழ் பெரியவர்களுக்கே வாயில் நுழையாது. "மா-ணவர் எண்-ணிக்கை குறை-வாக உள்ள பள்-ளிகளை அரு-கிலுள்ள பள்ளி-யுடன்..."  ஒரு சொல்லில் நின்றது, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முயன்றது, கடந்தது. முழுக் கடிதத்தையும் முடித்துவிட்டு அம்மாவைப் பார்த்தது.

படகுக்காரர் எழுந்தார். "அருகிலுள்ளன்னா எவ்ளோ கிட்ட மேடம்? தை மாசம் பனி எறங்குனா எனக்கே கரை தெரியாது. நான் ஓட்டுறவன், சொல்றேன்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். "முடிவு என் கையில இல்ல. நீங்க சொன்னதை எழுதி மேல அனுப்புறேன்" என்று குறிப்பெழுதத் தொடங்கினார்.

"இன்னா எழுதனீங்கனு படிச்சிக் காட்டுங்க மேடம்" என்றாள் தலைவி. நான் தரையைப் பார்த்தேன். அவர் படித்தார். பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்தனர் என்றிருந்தது.

"எதிர்ப்புனு போடாதீங்க. நாங்க சண்டைக்கு நிக்கல. எங்க புள்ளைங்களுக்கு இன்னா வேணும்னு சொன்னோம். அத்த எழுதுங்க."

அவர் அடித்துவிட்டு வேறு எழுதினார். அதையும் படித்துக் காட்டினார். போகும்போது படகுத்துறை வரை பெண்கள் அவரைக் கைப்பிடித்து அழைத்துப்போய் ஏற்றிவிட்டார்கள். முட்டி வலிக்கு என்ன எண்ணெய் தேய்க்க வேண்டும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

சில மாதம் கழித்துப் பதில் வந்தது. பள்ளி இப்போதைக்கு இங்கேயே நடக்கும். கூட்டங்களில் தீர்மானம் போட்டு நாங்கள் கேட்டிருந்த மூன்றாவது ஆசிரியர் இல்லை. அதோடு கேட்டிருந்த கழிவறைக் கதவு மட்டும் வந்தது. குழாயடியில் அதைப் படித்துக் காட்டியபோது யாரும் கைதட்டவில்லை. "இப்போதைக்குனா எத்தினி நாளு?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அந்த வருடம் என் கணவருக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. தனியாக எழுந்து நடக்க முடியவில்லை. இடமாறுதல் கலந்தாய்வில் காட்டூருக்கு அருகிலேயே ஒரு பள்ளி காலியாக இருந்தது. விண்ணப்பம் போட்டேன். போட்ட அன்றே பெற்றோரிடம் சொன்னேன். கையில் ஆணை வந்த பிறகு சொல்லிவிட்டுக் கிளம்புவதுதான் வழக்கம். எனக்கு மனசு வரவில்லை.

யாரும் போகாதே என்று சொல்லவில்லை. மகனை அறையக்கூடாது என்று நான் கண்டித்தேனே, அந்தத் தாய்தான் முதலில் பேசினாள். "வூட்டுக்காரர பாத்துக்கோங்க டீச்சர். வர்றவங்களுக்கு எங்க புள்ளைங்கள பத்தி இன்னா சொல்லிட்டுப் போவீங்க?"

பதிவேடுகள், சாவிகள், மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஒப்படைப்பேன் என்றேன்.

"அதுல எங்க புள்ளைங்க எங்க கீது?" என்றாள்.

ஆகவே அடுத்த கூட்டத்தில் அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூன்றாவது படிக்கும் பையனுக்கு இடது காது கேட்காது, வலது காது டீச்சர் பக்கம் இருக்கும்படி உட்காரவைக்க வேண்டும். இரண்டாவது படிக்கும் பெண்ணின் தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, குடும்பப் படம் வரையச் சொன்னால் அது நைனாவையும் சேர்த்துத்தான் வரையும், ஏன் என்று கேட்க வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்த நாளில் பிள்ளைகளுக்குப் பாடத்தில் கவனம் இருக்காது, அன்று கதை சொன்னால் போதும். மீன் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், லஞ்சம் என்று நினைக்க வேண்டாம். நான்கு பக்கம் ஆனது. அந்தப் பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரியாதது அதில் பாதி இருந்தது.

நான் கடைசியாகக் கிளம்பிய காலையில் தலைவி ஊரில் இல்லை. அது அவளுடைய மார்க்கெட் நேரம்.

இரண்டு மாதம் கழித்துக் கணவருக்கு மாத்திரை வாங்கப் பொன்னேரிக்குப் போனபோது மீன் மார்க்கெட்டுக்குள் நுழைந்தேன். அவள் கடை போட்டு உட்கார்ந்திருப்பதை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். தலையில் துண்டு, காலடியில் அரிவாள்மணை, எதிரே நாலு பேர் பேரம். என்னைப் பார்த்ததும், "இன்னா டீச்சர், எளைச்சிட்டீங்க!" என்று மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

மகள் ஆறாவது சேர்ந்துவிட்டாளாம். கரையிலுள்ள பெரிய பள்ளி. கணக்கில் கொஞ்சம் திணறுகிறாளாம். எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் டீச்சர் கைக்குழந்தைக்காரி, குழந்தையை விட்டுவர ஆளில்லாமல் தூக்கிக்கொண்டே வருகிறாளாம். அதை ஏணையில் ஆட்டுவதற்கும் பாடு போட்டுவிட்டார்களாம். "அது பாட்டுக்கு எல்லார் வூட்லயும் தூங்குது. டீச்சர் நிம்மதியா பாடம் நடத்துறாங்கோ" என்றாள், ஒருவருக்கு இறால் நிறுத்துக்கொண்டே.

"உங்க புது ஸ்கூல்ல எப்டி? கூட்டத்துக்கு வர்றாங்களா?"

"இன்னும் இல்ல" என்றேன். "நடவு வேலைன்னு சொல்றாங்க. அது மட்டும்தானான்னு தெரியல."

"வூடு வூடா போய் கேளுங்க. சொல்லுவாங்க."

நண்டைக் காலொடித்துப் பையில் போட்டுக் கொடுத்தாள். அடுத்த ஆள் விலை கேட்டார், அவள் அவர் பக்கம் திரும்பினாள். நான் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அந்த வாரம் சனிக்கிழமை காலை, நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு, பள்ளிக்குப் பக்கத்துத் தெருவின் முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன்.